வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளை

சின்னவளின் பயோடேட்டாவைக் கவரில் போட்டு ஒட்டிய திருப்தியோடு தலைமை எழுத்தர் படுக்கப் போனதைப் போன வாரம் பார்த்தோம். அந்தக் கவருக்குள் உண்மை முக்கால், புளுகு கால். கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர்களுக்குப் பார்வை அளந்து பார்க்கிற சின்னவள் அதில் 'கண் நலத் துறை அலுவலர்' ஆகியிருந்தாள். அது போகட்டும். கல்யாணப் பேச்சில் அதெல்லாம் புளுகு இல்லை, மெருகு. 'மூத்த மகள்' என்ற இடத்துக்கு நேரே தம் மணியான கையெழுத்தில் அவர் எழுதியிருந்த வரிதான் மனைவியைத் தூங்கவிடவில்லை.

'திருமணமாகிவிட்டது. மாப்பிள்ளை இன்ஜினியர். வெளிநாடு.'

அந்த மாப்பிள்ளை இருந்தது எட்டு பஸ் நிறுத்தம் தள்ளி. வேலை, லிஃப்ட் மெக்கானிக்.

இரண்டு வருடத்துக்கு முன் மூத்தவள் அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது, மறுத்துச் சொல்ல அவருக்கு வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு குடும்பமும் ஒரே மாதிரிக் குடும்பம்தான். பையனுக்குக் கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. சம்பளம்கூட இவருடையதைவிட ஒரு பிடி கூடுதல். அவர் கண்ணை உறுத்தியது ஒன்றே ஒன்று, அந்தப் பையனின் நகக்கண்ணில் இருந்த கறுப்பு. "கிரீஸ் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போறதுன்னா அப்படியே போயிடு" என்றார். அவள் போய்விட்டாள். இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. பத்திரிகையும் அடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை. எட்டு மணிக்கெல்லாம் அவர் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'இஸ்திரி' என்று பெயர். கை மடிப்பில் காய் நறுக்கலாம் என்பார்கள். இருந்தது நாலே சட்டை. அதில் இரண்டுக்குக் காலர் திருப்பித் தைத்தது. ஆனால் மடிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

"அப்பா, அக்காவப் பத்தி உள்ளத உள்ளபடி எழுதிடுங்களேன்" என்றாள் சின்னவள், செருப்பை மாட்டிக்கொண்டே.

"எழுதினா?"

"பிடிச்சா வரட்டும். பிடிக்கலைன்னா போகட்டும்."

"போகட்டும்னு சொல்றதுக்கு நாம யாருடி? பையன் எங்க பொது மேலாளரோட சொந்தத் தங்கச்சி மகன். ஏணி வெச்சாலும் எட்டாத இடம். தானாத் தேடி வருது."

"தேடி வருதா, நீங்க போய் நின்னீங்களா?"

"வாய மூடுடி" என்று அம்மா அதட்டினாள். பிறகு கணவர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "என்னங்க, அவளுக்கு இது ஏழாவது மாசம்" என்றாள்.

"யாருக்கு?"

யாருக்கு என்று அவருக்குத் தெரியும். கேட்கவேண்டும் என்பதற்காகக் கேட்டார்.

"மூத்தவளுக்குத்தான்."

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க."

இந்த 'யாரோ' இரண்டு வருடமாக அந்த வீட்டுக்கு நிறையச் சேதி கொண்டுவந்துகொண்டிருந்தார். தலைமை எழுத்தரும் அவர் யார் என்று விசாரித்ததில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கவரை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

அது ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகம். ஆறு மாடி. எழுத்தர்கள் லிஃப்ட்டில் ஏறக்கூடாது என்று அங்கே யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் யாரும் ஏறுவதில்லை. மேலே அறை உள்ளவர்கள் லிஃப்ட்டில் போவார்கள். மேசை மட்டும் உள்ளவர்கள் படியில் போவார்கள். தலைமை எழுத்தர் முப்பத்தொரு வருடமாகப் படியில்தான் போய் வந்தார். அதைக் குறையாக நினைத்ததும் இல்லை. கேன்டீன் ஆள் ஒருவன் ஒருநாள் தட்டோடு லிஃப்ட்டில் ஏறிவிட்டபோது, கூப்பிட்டுக் கண்டித்ததும் அவர்தான்.

அன்று கீழ்த்தளத்தில் பொது மேலாளரே அவரைப் பார்த்துவிட்டார்.

"என்ன, கொண்டு வந்தீங்களா? மேல வந்து குடுங்க. வாங்க, ஏறுங்க."

காவலாளி பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு எழுத்தர்கள் படியில் கால் வைத்தபடி நின்று பார்த்தார்கள். தலைமை எழுத்தர் லிஃப்ட்டுக்குள் கால் வைத்தபோது அவருக்கு உள்ளங்கால் கூசியது.

மூன்றாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. விளக்கு அணைந்து, மூலையில் சின்ன பல்பு ஒன்று எரிந்தது.

பொது மேலாளர் எல்லாப் பொத்தானையும் அமுக்கினார். கதவைத் தட்டினார். வெளியிலிருந்து காவலாளியின் குரல் கிணற்றுக்குள் கேட்பதுபோல் கேட்டது. "ஃபோன் பண்ணியாச்சு சார்! மெக்கானிக் வந்துக்கிட்டிருக்கார்!"

தலைமை எழுத்தருக்குத் தம் மேசை இழுப்பறை நினைவு வந்தது. லிஃப்ட் கம்பெனியின் கடிதங்கள் மூன்று அதில் இருந்தன. 'கதவுப் பூட்டுகள் தேய்ந்துவிட்டன, உடனே மாற்றவேண்டும்.' மூன்றின் மேலும் பொது மேலாளர் 'பிறகு பார்க்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தக் கடிதங்களின் அடியில் மெக்கானிக்கின் கையெழுத்து இருக்கும் இடத்தைத் தலைமை எழுத்தர் மூன்று முறையும் பார்க்காமலே தாண்டியிருந்தார்.

அரை மணி போயிற்று. பொது மேலாளர் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். சும்மா நிற்கப் பிடிக்காமல் கல்யாணப் பேச்சை எடுத்தார்.

"ஒரே ஒரு பொண்ணா உங்களுக்கு?"

"ரெண்டு சார். இது சின்னவ."

"மூத்தவள நல்ல இடத்துல குடுத்திருக்கீங்களா? என் தங்கச்சி அதெல்லாம் பார்ப்பா. குடும்பம்னா ஒரு தராதரம் வேணும் இல்லையா?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது மேலே 'டக்' என்று ஒரு சத்தம். நாலாவது மாடியின் வெளிக்கதவைச் சாவி போட்டு யாரோ திறந்தார்கள். இரும்புப் பெட்டி ஒன்றைத் தரையில் வைக்கும் ஓசை. பிறகு ஒரு குரல், நிதானமாக:

"பயப்படாதீங்க சார். உள்ள எத்தன பேர் இருக்கீங்க?"

"ரெண்டு பேர்! சீக்கிரம்யா!" என்று பொது மேலாளர் கத்தினார்.

"அஞ்சே நிமிஷம் சார். கதவுகிட்ட வராம தள்ளி நில்லுங்க."

தலைமை எழுத்தர் அந்தக் குரலை வாழ்நாளில் இரண்டே முறைதான் கேட்டிருந்தார். பெண் கேட்டு வந்த அன்று ஒரு முறை. ஒருநாள் மனைவி மொட்டை மாடியில் ரகசியமாக ஃபோன் பேசியபோது, அதிலிருந்து கசிந்து ஒரு முறை. போதும், தெரிந்துகொள்ள.

"ம், சொல்லுங்க" என்றார் பொது மேலாளர். "மூத்த மாப்பிள்ளை என்ன பண்றார்?"

"வந்து... இன்ஜினியர் சார்" என்றார் தாழ்ந்த குரலில்.

"என்ன? இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

மேலே ஸ்பேனர் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கதவுக்கும் அந்தக் கைக்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது. 'அப்புறம் சொல்றேன் சார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நெஞ்சு வலிப்பதாக நடித்திருக்கலாம். பிற்பாடு அன்று முழுவதும் இப்படி இருபது வழி அவருக்குத் தோன்றியது. அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

"இன்ஜினியர் சார்" என்றார் உரக்க. "வெளிநாட்டுல இருக்கார்."

ஸ்பேனர் சத்தம் நின்றது. இரண்டு மூச்சு விடும் நேரம் நின்றிருக்கும். பிறகு மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

லிஃப்ட்டின் உள்கதவு திறந்தபோது நாலாவது மாடியின் தரை அவர்கள் மார்பளவு உயரத்தில் இருந்தது. மெக்கானிக் மண்டியிட்டிருந்தான். ஒரு ஸ்டூலை உள்ளே இறக்கிவிட்டு, கையை நீட்டினான். "முதல்ல நீங்க வாங்க சார். கையப் பிடிச்சுக்குங்க."

பொது மேலாளர் அந்தக் கையைப் பார்த்தார். "துணி ஏதாவது சுத்திக்கய்யா."

அவன் தோளில் கிடந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டான். பொது மேலாளர் ஏறினார். அடுத்து தலைமை எழுத்தர். இவருக்கும் அவன் அதே துணி சுற்றிய கையைத்தான் நீட்டினான். அப்படியே ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல் மேலே இழுத்து நிறுத்திவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று மெதுவாகக் கேட்டான்.

பொது மேலாளர் திரும்பிப் பார்த்தார். "என்ன, தெரிஞ்சவனா?"

"இல்ல சார்" என்றார் தலைமை எழுத்தர். "தெரியாது."

மெக்கானிக் குனிந்து ஸ்டூலை எடுத்தான்.

"நாப்பது நிமிஷம்! எங்கய்யா போயிருந்தே?"

"ஆஸ்பத்திரி லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சரோட ஒருத்தர் மாட்டிக்கிட்டார் சார். அத முடிச்சுட்டு நேரா வரேன்."

"நான் காரணம் கேக்கல."

"சரி சார். ஆனா இந்தப் பூட்டுங்கள மாத்தாம லிஃப்ட்ட ஓட்டக் கூடாது. மூணு தடவ எழுதிக் குடுத்திருக்கேன். மெயின அணைச்சுப் பூட்டுப் போட்டுட்டுத்தான் போவேன்."

"எனக்குச் சட்டம் சொல்லித் தர்றியா நீ? என்னை ஆறு மாடி நடக்கச் சொல்றியா?"

"உயிருக்கு ஆபத்து சார்" என்றான் அவன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினான். தலைமை எழுத்தரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினோரு மணிக்கு ஆறாவது மாடியிலிருந்து அழைப்பு வந்தது. பொது மேலாளர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"லிஃப்ட் கம்பெனிக்கு ஒரு புகார் எழுதுங்க. உங்க பாணியில, நறுக்குன்னு. இனி அந்த ஆள் இந்தக் கட்டடத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது."

அவர் அங்கேயே கணினி முன் உட்கார்ந்து எழுதினார். முப்பத்தொரு வருடத்தில் அவர் எழுதிய கடிதத்துக்கு யாரும் ஒரு காற்புள்ளி திருத்தியதில்லை. 'தங்கள் ஊழியர் தாமதமாக வந்தது வருத்தத்துக்குரியது' என்று வழவழவென்று ஆரம்பித்தார். பொது மேலாளர் பின்னால் வந்து நின்று படித்தார்.

"வருத்தம் என்ன வருத்தம்? கடமையில் அலட்சியம்னு போடுங்க. மரியாதைக் குறைவா நடந்துக்கிட்டான்னு போடுங்க. நடவடிக்கை எடுக்கலைன்னா ஒப்பந்தமே ரத்துன்னு முடிங்க. பேரப் போட்டீங்களா?"

"பேர்... கவனிக்கல சார்."

"காவலாளி ரிஜிஸ்டர்ல இருக்குமே."

ரிஜிஸ்டர் வந்தது. அழகான எழுத்து. மகளின் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டேன் என்று அவர் மறுத்த அந்தப் பெயரை, புகார்க் கடிதத்தின் மூன்றாவது வரியில் முதன்முறையாகத் தட்டினார். ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று வழக்கம்போல் ஒருமுறை சரி பார்த்தார்.

"மெயில்ல அனுப்புங்க" என்றார் பொது மேலாளர்.

அனுப்பினார்.

அப்போதுதான் பையிலிருந்த கவர் நினைவு வந்தது. எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். பொது மேலாளர் வாங்கவில்லை. மேசையில் வைக்கும்படி கண்ணால் காட்டிவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இத நேத்தே சொல்லியிருக்கணும். என் தங்கச்சிகிட்டப் பேசினேன். நீங்க முன்னமே குடுத்த ஃபோட்டோவப் பார்த்தா, பொண்ணு நல்லாத்தான் இருக்கான்னா. ஆனா, 'விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும் இல்லையா'ங்கறா. எழுத்தர் வீட்டுச் சம்பந்தம்னா நாலு பேர் கேப்பாங்க. உங்களுக்குத் தெரியாததா? நீங்களே மூத்த பொண்ண நல்ல இடமாப் பார்த்துத்தானே குடுத்திருக்கீங்க."

"நேத்தேவா சார்?"

"ஆமா. ராத்திரியே சொல்லிட்டா."

அப்படியானால் லிஃப்ட்டுக்குள் கேட்டது? அது பொழுதுபோகக் கேட்டது. தலைமை எழுத்தருக்கு அதைப் புரிந்துகொள்ளச் சிறிது நேரம் பிடித்தது. "பரவாயில்ல சார்" என்றார். கவரைத் திருப்பி எடுத்துக்கொள்வதா, விட்டுவிட்டுப் போவதா என்று தெரியாமல் நின்றார். கடைசியில் எடுத்துக்கொண்டார்.

தம் மேசைக்கு வந்ததும் அனுப்பிய கடிதத்தைத் திறந்து பார்த்தார். திரும்பப் பெற வழி இருக்கிறதா என்று பக்கத்து மேசைப் பெண்ணிடம் கேட்டார். "போனது போனதுதான் சார். ஏன், எழுத்துப் பிழையா?" என்றாள். உங்கள் கடிதத்தில் பிழையா என்ற ஆச்சரியம் அவள் முகத்தில் தெரிந்தது.

நாலரை மணிக்குப் பதில் வந்தது. அவருடைய கடிதங்களுக்கு இவ்வளவு சீக்கிரம் யாரும் பதில் போட்டதில்லை. 'நடந்ததற்கு வருந்துகிறோம். குறிப்பிட்ட ஊழியரை நாளைக் காலை பத்து மணிக்கு நேரில் அழைத்துள்ளோம். உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.'

வீட்டுக்குள் நுழையும்போதே ஏதோ மாறியிருந்தது. முன்னறைக் கட்டிலில் புது விரிப்பு. அதன்மேல் மூத்தவளுடைய பழைய தலையணை. மனைவி அழுதிருந்தாள், ஆனால் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"என்னங்க, என்கிட்டகூடச் சொல்லலையே நீங்க!"

"என்னத்த?"

"மாப்பிள்ளையப் பார்த்தீங்களாமே! உங்க ஆபீஸ் லிஃப்ட் பழுதாகி, அவர்தான் கைகுடுத்துத் தூக்கி விட்டாராமே! நீங்க தனியாக் கூப்பிட்டு, 'அவ எப்படி இருக்கா, உடம்பப் பார்த்துக்கச் சொல்லு'ன்னு கேட்டீங்களாம். அவ ஃபோன்ல அழறா, அப்படி அழறா."

சின்னவள் கதவோரம் நின்று அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் இருபது பேர் கண்ணைப் பரிசோதிக்கிறவள். அவள் சிரிக்கவில்லை.

தலைமை எழுத்தர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு நாளில் இரண்டு பேர் பொய் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் தம் கௌரவத்துக்காக. இன்னொருவன், அந்த மனிதரின் மகள் இன்று ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று.

ஃபோன் அடித்தது. மனைவி எடுத்து, "உங்ககிட்டத்தான் பேசணுமாம்" என்று அவர் காதில் வைத்துவிட்டாள்.

"அப்பா" என்றது குரல். இரண்டு வருடம்.

"ம்."

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

"நீங்க ஒரு நாள் கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும்பா. அவர்தான் நம்பல. இன்னிக்கு வந்து அவரே சொல்றார்." மூக்கை உறிஞ்சினாள். "இன்னொண்ணும் இருக்குப்பா. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அவரக் கம்பெனியில வரச் சொல்லியிருக்காங்க. பெரியவங்களே ஃபோன் பண்ணினாங்க. சூபர்வைசர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தார், அதுவாத்தான் இருக்கும். எல்லாம் ஒரே நாள்ல நடக்குதுப்பா."

மனைவி எதிரே நின்று, 'என்ன சொல்றா, என்ன சொல்றா' என்று கையால் கேட்டாள்.

"அம்மாடி..." என்றார். "மாப்பிள்ளைகிட்ட ஃபோனக் குடு."

அந்த வார்த்தையைக் கேட்டு மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுமுனையில் செருப்புச் சத்தம், கதவு சாத்தும் சத்தம். பிறகு காலையில் கேட்ட அதே நிதானமான குரல்.

"சொல்லுங்க சார்."

சார். அதைவிட ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

"நான்... வந்து..."

"நான் அவகிட்ட எதுவும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அவளுக்கு ரத்த அழுத்தம் கூடுதலா இருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நீங்களும் எதையும் சொல்லிடாதீங்க. இவ்வளவுதான் நான் கேக்கறது."

அவன் நினைத்துக்கொண்டிருந்தது வெளிநாட்டு மாப்பிள்ளை விஷயத்தை. கடிதம் அவனுக்குத் தெரியாது. நாளை பத்து மணிக்குத் தெரிந்துவிடும். அடியில் இவர் பெயரோடு மேசைமேல் வைத்துத்தான் விசாரிப்பார்கள்.

"நாளைக்கு நீங்க கம்பெனிக்குப் போறதுக்கு முன்னாடி உங்களப் பார்க்கணும்" என்றார். இத்தனை நாள் அவன் இவன் என்ற வாய், கேட்காமலே 'நீங்க' என்றது.

"எதுக்கு?"

"நேர்ல சொல்றேன்."

"எங்க வீடு உங்களுக்குத் தெரியாதே" என்றான். "எழுதிக்குங்க."

அவர் பையைத் தடவினார். கையில் கிடைத்தது அந்தக் கவர்தான். அதன் முதுகில் எழுத ஆரம்பித்தார். கதவு எண் பதினேழு. அச்சகத்துக்குப் பின்னால்.

"மூணாவது மாடி" என்று அவன் சொல்வதற்கு முன்பே பக்கத்தில் மனைவி சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. அவர் நிமிர்ந்து பார்க்காமல் அதையும் எழுதிக்கொண்டார்.

ஃபோனை வைத்ததும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "காலையில எத்தன மணிக்குக் கிளம்புறோம்?"

"கிளம்புறோமா?"

"பின்ன? நானும் வரேன். இவளும் கடைக்கு லீவு போடட்டும். இத்தன நாள் கழிச்சுப் போறோம், மூணு பேருமாப் போய் நிக்க வேண்டாமா? நீங்க பேசறதப் பக்கத்துல இருந்து கேக்கணுங்க நான்."

சின்னவள் இன்னும் கதவோரத்திலேயே நின்றாள். "அப்பா தனியாப் போகணும்னு நினைக்கிறாரோ என்னவோம்மா" என்றாள்.

"ஏன்? எதுக்குத் தனியா?" என்று மனைவி அவரைப் பார்த்தாள்.

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அவரிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது.